"அழாதைங்கோ" எண்டு சொல்லாதைங்கோ

(திருகோணமலையில ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில பேசினது, ரெக்கோர்டிங்கைக் கேட்டு எழுதினது)

எல்லாருக்கும் வணக்கம். பேன் சத்தம் கூட, மைக்கைக் கிட்டப் பிடிக்கிறன், பின்னுக்குக் கேக்குதோ?

செத்தவீட்டுக்குப் போனா நாங்கள் முதல் சொல்லுறது என்ன? "அழாதைங்கோ, அதையே யோசிக்காதைங்கோ." நல்ல மனசோடதான் சொல்லுறம், ஆனா சரிவராது. 1987ல டானியல் வெக்னர் எண்ட அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிமாரும் மாணவர்களை 5 நிமிசம் வெள்ளைக் கரடியை நினைக்காம இருங்கோ, நினைவு வந்தா மணி அடியுங்கோ எண்டவை, மணி அடிபட்டுக்கொண்டே இருந்தது. எங்களுக்குக் கரடி தூரம், நீங்கள் கோட்டைக்குள்ள மேயிற மானை நினைக்காம கொஞ்சம் இருங்கோ பாப்பம். (சிரிப்பு) வந்திட்டுதெல்லோ?

என்ர அம்மா செத்து 31ம் நாள் கிரியை முடிய கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனனாங்கள். ஏழு கிணறு, இராவணன் தாய்க்குக் கிரியை செய்யக் குத்தின இடம் எண்டு கதை, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. முதல் வாளியை ஊத்தேக்க தோள் ரெண்டும் காதுமட்டும் ஏறுது, மூச்சும் நிக்குது. மூண்டாம் வாளிக்குத் தோள் தானா இறங்குது, தண்ணி அதே சூடுதான்.

ஜோன் கபட்-சின் எண்ட அமெரிக்கப் பேராசிரியர் 1979ல மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில தொடங்கின 8 கிழமை மனக்கவனப் பயிற்சியிலயும், நோவைத் துரத்தச் சொல்லேல்ல. எங்க நோகுது, குத்துதா எரியுதா இறுக்குதா எண்டு கால் விரல்ல இருந்து மேல மேல கவனிக்கச் சொன்னவர். மனநோவுக்கும் உடம்பில இடமிருக்கு, எனக்குத் தொண்டையில.

நோவைத் துரத்தாம இப்பிடிக் கவனிக்கிறதைத்தான் ஏற்கிறது எண்டு சொல்லுறன். ஆனா ஒண்டு சொல்லோணும். ஏற்கிறது எண்டா "தலைவிதி" எண்டு கிடக்கிறதில்ல. புருசன் அடிக்கிறதை ஏற்க வேண்டாம், பொலிசுக்குப் போங்கோ தங்கச்சி. அடிபட்டதால நெஞ்சுக்க கிடக்கிற பயமும் வெக்கமும் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறதைத்தான் சொல்லுறன். பிறகு இன்னொண்டு, யுத்தத்தையும் 2004 சுனாமியையும் பாத்த ஊர் இது, சிலபேருக்குக் கண்ணை மூடி இருந்தா அந்த நாளே திரும்ப வந்து நிக்கும், அவை கொதிக்கிற கிணத்தில தொடங்கக் கூடாது, கண்ணைத் திறந்து பாதம் நிலத்தில படுறதை மட்டும் கவனிக்கட்டும், ஏலாட்டி டொக்டரிட்டப் போகட்டும், மனநல உதவி இலக்கம் 1926க்குக் கோல் எடுக்கட்டும்.

அம்மான்ர கிளினிக் கொப்பியில அடுத்த திகதி எழுதிக் கிடந்தது. நான் அதை அலுமாரிக்க, சீலைக்குக் கீழ ஒளிச்சு வச்சனான். அந்த நாள் விடிய நாலரைக்கே முழிப்பு வந்திட்டுது, கிளினிக்குக்கு நம்பர் எடுக்கப் போற நேரம். வழமையா போனைத் தோண்டுவன், அண்டைக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி வாங்கில இருந்தன். தொண்டையில கல்லு, பிறகு அது நெஞ்சுக்கு இறங்கிச்சு, பிறகு கனக்க அழுதன், தேத்தண்ணி ஆறி ஆடை படிஞ்சிட்டுது. அரைமணித்தியாலம் இருக்கும். கல்லு போகேல்ல, சின்னனாச்சு, அவ்வளவுதான். எழும்பி அதே தேத்தண்ணியைச் சூடாக்கிக் குடிச்சன்.

கொப்பி இப்ப மேசையில கிடக்கு. சரி, பின்னால ஆரோ கை உயர்த்திறீங்கள், கேளுங்கோ ஐயா.