தண்டவாளம் முதலில், வீடு பிறகு

அவையோருக்கு வணக்கம். நகரம் ஏன் இப்படிப் பரவுகிறது என்று கேட்டால், மக்கள்தொகையைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ரயில் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்பதே அதைவிடப் பெரிய காரணம் என்பது என் துணிபு.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகராட்சி 1904 முதலே எல்லைக்கு வெளியிலிருந்த நிலங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்துவந்தது. அதனால்தான் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் நெருக்கியபோது, எங்கே குடியிருப்பு வரவேண்டும் என்பதை மனை வியாபாரிகளிடம் விடாமல், ஸ்வென் மார்கேலியுஸ் தலைமையிலான நகரமைப்புத் துறையே முடிவுசெய்ய முடிந்தது. மேற்குப் புறநகரான வெலிங்பிக்குச் சுரங்க ரயில் 1952-இல் வந்துவிட்டது. கடைகளும் திரையரங்கும் கொண்ட மையச் சதுக்கம் திறக்கப்பட்டதோ 1954-இல். நிலையத்தை ஒட்டி அடுக்குமாடிகள், அவற்றுக்கு அப்பால் உயரம் குறைந்த குடியிருப்புகள், கடைசியில் தனி வீடுகள் என்று அடர்த்தி படிப்படியாகக் குறைகிறது. மாலையில் ரயிலை விட்டு இறங்குபவர், கார் நுழையாத அந்தச் சதுக்கத்தில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு சேரலாம். குடியிருப்பவர்களுக்கு அங்கேயே வேலையும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பெருமளவு பலிக்கவில்லை; பலரும் நகரத்துக்கே வேலைக்குப் போனார்கள். ஆனால் அப்படிப் போவதற்கு வாசலருகே ரயில் இருந்தது.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் இந்த வரிசை தலைகீழாயிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்க, வீடுகள் அந்தச் சாலைகளைப் பின்தொடர்ந்து சிதறின. 1971-இல் மார்ட்டா என்ற பொதுப் போக்குவரத்து அமைப்புக்காக 1 சதவீத விற்பனை வரி செலுத்த அட்லாண்டா வட்டாரத்தின் ஃபுல்டன், டிகால்ப் கவுன்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) இசைந்தன. அதே வட்டாரத்தின் கிளேட்டனும் குவினெட்டும் மறுத்தன. ரயில் வந்தால் நகரத்துக் கறுப்பின மக்களும் வந்துவிடுவார்கள் என்ற வெள்ளையரின் அச்சத்துக்கு அந்த மறுப்பில் பெரும்பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இத்தகைய புறநகர் மனைப்பிரிவுகளில் தெருக்கள் முட்டுச்சந்துகளாக முடிவதால், வேலிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் பிரதான சாலையை அடையவே வெகுதூரம் சுற்ற வேண்டும். பல இடங்களில் நடைபாதையும் கிடையாது. அங்கே பேருந்து விட்டால் ஒரு நிறுத்தத்துக்கு ஓரிருவரே ஏறுவர். ஆள் குறைவதால் சேவையைக் குறைக்கிறார்கள். சேவை குறைவதால் ஆள் இன்னும் குறைகிறது.

கிளேட்டன் 2010-இல் தன் சொந்தப் பேருந்துச் சேவையையும் பணமின்றி நிறுத்தியது. கார் இல்லாதவர்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போக வழியின்றித் தவித்த பிறகு, 2014-இல் அதன் வாக்காளர்கள் மார்ட்டா வரியை ஏற்றனர். அடுத்த ஆண்டே பேருந்துகள் ஓடத் தொடங்கின. குவினெட் வாக்காளர்களோ 2019-இலும் மறுத்துவிட்டனர்.