ஊர் நூலகமும் ஓதம் ஏறிய சுவரும்

(பென்னாகரம் வட்டச் சிற்றூர் ஒன்றில், நூலக வார விழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ராகி அறுப்பையும் விட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, பந்தலும் பாயும் தந்த மகளிர் குழுச் சகோதரிகளே, நாற்காலி சுமந்த தம்பிகளே, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் முடித்து, சாப்பிடாமல்கூட நேரே இங்கே வந்திருக்கும் ஊராட்சிச் செயலர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

பூட்டிக் கிடக்கும் நம் ஊர் நூலகத்தைத் திறந்து நடத்துவதற்கு இடம், புத்தகம், ஆள் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். இடத்தில் தொடங்குகிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். வசூல் பண்ணி, மாம்பலகையில் அலமாரி அடித்து, இடம் மிச்சமாகட்டும் என்று சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். நானூறு புத்தகம். அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, பார்க்கவே அத்தனை அழகு. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. கீழ்த்தட்டை யாரும் தொடவில்லை. தை மாதம் ஒரு சிறுமி குனிந்து ஒரு கதைப் புத்தகத்தை இழுத்தாள். கையோடு வந்தது முதுகு அட்டை மட்டும். உள்ளே செம்மண்! வரிசை முழுக்க அப்படியே. முன்னால் புத்தகம், பின்னால் கறையான் புற்று. அந்தப் பிள்ளை அட்டையைப் பிடித்தபடி, "நான் கிழிக்கலீங்க" என்று அழுததாம்.

பிள்ளை மேல் என்ன தப்பு? மாம்பலகை, கறையானுக்கு விருந்து. சுவரில் ஓதம். இடையில் காற்றுப் போக வழியில்லை. அதனால் இரும்பு ராக் வாங்குவோம். சுவரிலிருந்து அரையடி தள்ளி நிறுத்துவோம்; அடித்தட்டும் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும். மூன்றடித் தட்டுக்கு முப்பது புத்தகம் போதும். நெருக்கித் திணித்தால் இழுக்கும்போது முதுகு கிழியும். ஐந்து தட்டுக்கு 150. ஆயிரம் புத்தகத்துக்கு ஏழு ராக். நம் நூலகக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறி, மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை எடுங்கள். அங்கே நிற்கும் தண்ணீர்தான் சுவரில் இறங்குகிறது. ஈரம் காயாமல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே உப்பி உரியும். மறுபடியும் சொல்கிறேன், சுவர் இருந்தால்தான் சித்திரம்!

புத்தகத்துக்கு ஒரே வார்த்தை: கொடுப்பதையெல்லாம் வாங்காதீர்கள். பழைய நோட்ஸ் தட்டை அடைக்கும், வாசகரைக் கொண்டுவராது.

ஆளைப் பற்றிச் சொல்லும் முன், நம் ஊர்ச் சுவருக்கே வருகிறேன். 2006-இல் தொடங்கிய அரசின் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் நம் ஊரிலேயே பூட்டிக் கிடக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வசூலாகி, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிற பணம் அது. கட்டுகிற நாம் கேட்கத் தயங்குவானேன்?

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போடுவோம். பூட்டைத் திறக்க வேண்டும். அங்கே மாலை 5 முதல் 8 வரை பகுதி நேர நூலகம் நடத்த ஆணைக்குழு ஆள் போட வேண்டும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. வீட்டு வரி எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.