ஓடப் பிறந்த சிப்பிப்பாறை

வணக்கம். நான் பெரும்பாக்கத்துல இருக்கேன், ஏழு வருஷமா எங்க வீட்ல ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கா, பேரு செம்பி. வாக்கிங் கூட்டிட்டுப் போனா யாராவது நிறுத்தி "ஏங்க, சோறு போடுறீங்களா இல்லையா"ன்னு கேட்டுடுவாங்க, ஒரு அம்மா பிஸ்கட் பாக்கெட்டே வாங்கி என் கையில குடுத்துட்டாங்க. பாசத்துல குடுத்தது, வேண்டாம்னு எப்படி சொல்றது. ஆனா இந்த நாயோட வாகே அதுதான், நெஞ்சுக்கூடு ஆழமா இறங்கி வயிறு உள்ள ஒட்டிப் போயிருக்கும், கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு லேசா தெரியும். அது மூடிப் போச்சுன்னாதான் நாம கவலைப்படணும்.

சிப்பிப்பாறைங்கிறது விருதுநகர் மாவட்டத்துல ஒரு ஊரு. அந்தக் கரிசக்காட்டுல முயல் விரட்ட வளர்த்த நாய் இது. ராஜபாளையம் நாயும் அந்தப் பக்கம்தான், ஆனா அது வேற, வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, கனமா இருக்கும். கன்னின்னு இன்னொரு நாய், அது சிப்பிப்பாறைக்கு ரொம்ப நெருக்கம், கருப்பு உடம்புல காலும் மார்பும் செவலையா, கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு வச்ச மாதிரி இருக்கும், ரெண்டும் ஒரே இனம் நிறம்தான் வேறன்னு சொல்றவங்களும் உண்டு.

மோப்பத்தை விட கண்ணை நம்பி ஓடுற நாய்ங்க இது, தூரத்துல ஒண்ணு அசைஞ்சா போதும். முழு வேகத்துல போறப்ப ஒரு பாய்ச்சலுக்குள்ள நாலு காலும் ரெண்டு தடவை தரையை விட்டுடும், உடம்பு நீண்டப்ப ஒரு தடவை, மடங்குறப்ப ஒரு தடவை. மேடவாக்கத்துல நண்பர் ஒருத்தரோட காலி மனை இருக்கு, சுத்துச்சுவர் போட்டது, காலையில அஞ்சரைக்கு அங்க அவிழ்த்து விடுவேன், பத்து நிமிஷம் ஓடிட்டு வந்து நாள் பூரா வீட்ல அவ்வளவு அமைதியா படுத்திருப்பா. அந்தப் பத்து நிமிஷம் இல்லாத நாள்ல வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்துகிட்டே இருப்பா, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

முயல் வேட்டை இப்ப 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், அது அப்படித்தான் இருக்கணும். ஆனா வேட்டை நின்னாலும் நாயோட ரத்தத்துல இருக்கிற ஓட்டம் நிக்காது இல்லையா. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மன் கி பாத் வானொலிப் பேச்சுல சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நாட்டு நாய்ங்க பேர் சொல்லிப் பேசினப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுக்கப்புறம் குட்டி எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு அப்படி வாங்கினதுல ரெண்டு பேர் வருஷம் திரும்புறதுக்குள்ள யாருக்கோ குடுத்துட்டாங்க. நாட்டு நாய்தானே, கட்டிப் போட்டா கிடக்கும்னு நினைச்சுட்டாங்க. ஆள் பக்கத்துலயே இருக்கணும்னு நினைக்கிற நாய், சங்கிலியில போட்டா உள்ளுக்குள்ளயே ஒடிஞ்சு போயிடும்.

கழுத்துப் பட்டை விஷயத்தை கண்டிப்பா சொல்லணும். இதுக்குத் தலை சின்னது, கழுத்து கிட்டத்தட்ட அதே பருமன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பக்கத்துல வெடி வெடிச்சதும் செம்பி பின்னாடி இழுத்தா, பட்டை அப்படியே உருவிட்டு வந்துடுச்சு, கூப்பிடக் கூப்பிட ஓடிட்டா. ராத்திரி பூரா நானும் என் பொண்ணும் டார்ச் வச்சுகிட்டுத் தேடினோம், விடியக்காலையில ஏரிக்கரை ஓரம் நடுங்கிட்டு நின்னா. அன்னைல இருந்து நெஞ்சைச் சுத்திப் போடுற வார்தான்.

குளிர் தாங்காது, மார்கழியில ஒரு பழைய போர்வை போதும். வெறும் சிமெண்ட் தரையில படுத்தா முழங்கை காய்ச்சுப் போகும், சாக்கு மெத்தை போடுங்க. வயித்துக்கு நிறைய சாப்பிட்ட உடனே ஓட விடாதீங்க, நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு முறுக்கிக்கிற ஆபத்து உண்டு, உயிரே போயிடும். ஆபரேஷன் ஏதாவதுன்னா இது வேட்டை நாய் வாகுன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, உடம்புல கொழுப்பு கம்மி, சில மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் எடுக்கும். வெறிநாய்க்கடி தடுப்பூசி, கார்ப்பரேஷன் லைசென்ஸ், ரெண்டையும் தள்ளிப் போடாதீங்க.

குட்டி வாங்கணும்னு ஆசை இருந்தா முதல்ல உங்க ஏரியாவுல சுவர் வச்ச ஒரு இடத்தைத் தேடுங்க. இடம் கிடைச்சதுக்கு அப்புறம் குட்டியைத் தேடலாம். நன்றி, வணக்கம்.