டிக் டிக் சத்தம் எங்கே குடியிருக்கிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது பின்சக்கரத்திலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான். குரங்கு பெடல் அடித்து சைக்கிள் பழகியவர்களுக்கு அது இன்னும் காதில் இருக்கும். இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் கேட்கும். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாலும் கேட்கும். அப்படிச் சுற்றிச் சுற்றி அப்பாவிடம் நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

சத்தம் போடுவது ஒரு சின்ன ஏற்பாடு. ரம்பம் மாதிரி பல் வெட்டிய ஒரு வளையம், அதன்மேல் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும் குட்டி நாக்குகள், அவ்வளவுதான். முன்னால் மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி வழுக்கும். ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு டிக். இது வராத காலத்தில் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கம் வந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டை எங்கே குடி வைப்பது? பல்சக்கரங்களோடு சேர்த்து ஒரே உருப்படியாகச் செய்து, சக்கரத்தின் நடுவில் ஸ்போக்ஸ் கோக்கும் குடம் இருக்கிறதே, அந்த ஹப்பில் மரை வெட்டி, அதன்மேல் திருகி ஏற்றலாம். அது ஃப்ரீவீல். இல்லையென்றால் ஏற்பாட்டை ஹப்போடு வைத்துவிட்டு, வெறும் பல்சக்கரங்களை மட்டும் ஓர் அடுக்காக அதன்மேல் செருகலாம். அந்த அடுக்குதான் கேசட். கியர் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "அண்ணா, ஃப்ரீவீல் ஹப் போடலாமா, கேசட் ஹப் போடலாமா?"

எனக்குத் தொழில் சேலத்தில் லேத் பட்டறை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்போக்ஸ் பின்னுவேன், கோட்டம் எடுப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். 21 கியர் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏற்காடு ஏறுகிறவன். நல்ல உடம்பு, போதாததற்கு கேரியரில் பை. "பின்சக்கரம் ஆடுதுண்ணா, பிரேக் கட்டை உரசுது, கோட்டம் எடுத்துக் கொடுங்க" என்றான்.

சுற்றிப் பார்த்தேன். ரிம்மில் கோட்டமே இல்லை. ஆனால் ரிம்மைக் கையால் பிடித்து அசைத்தால் சக்கரம் முழுக்கச் சாய்கிறது. சரி, பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, குவிக் ரிலீஸ் லீவரைத் தளர்த்தி, அச்சின் துளைக்குள் ஓடிச் சக்கரத்தை ஃப்ரேமில் மாட்டும் கம்பியை உருவினேன். கூடவே அச்சின் ஒரு துண்டு வெளியே வந்து கையில் விழுந்தது. வலப்பக்கம், ஃப்ரீவீலுக்கு உள்ளே, நறுக்கென்று முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. கறுத்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டது, பளபளத்தது கடைசியில் போனது. அதற்குப் பிறகு அவனைத் தாங்கியது சக்கரத்தை மாட்டும் அந்த 5 மில்லிமீட்டர் கம்பி மட்டும்தான். அதை நம்பி மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறான். துண்டை அவன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அச்சு ஏன் அந்த இடத்தில் முறிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எந்த ஹப் வாங்குவது என்பது பாதி தெரிந்த மாதிரி.

அச்சைத் தாங்குவது இரண்டு பேரிங், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஃப்ரீவீல் ஹப்பில் இரண்டுமே ஹப்பின் உடம்புக்குள் இருக்கும். வலப்பக்க பேரிங்குக்கு வெளியே ஃப்ரீவீல் உட்கார்ந்திருக்கும். அதையும் தாண்டித்தான் சைக்கிளின் ஃப்ரேம் அச்சைப் பிடிக்கிறது. ஆக, வலப்பக்கம் பேரிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழு பல்சக்கர ஃப்ரீவீலில் அந்த நீட்டம் இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாது. ஓட்டுகிறவரின் எடை ஃப்ரேம் வழியாக அந்த முனையை அழுத்துகிறது. செயின் வேறு அதே பக்கத்தில் இழுக்கிறது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள அச்சு, அதுவும் நடுவில் துளை போட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் துளி வளைந்து துளி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

உடனே ஃப்ரீவீல் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நம் தெருவில் ஓடும் பெரிய கறுப்பு சைக்கிளைப் பாருங்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊரில் ஓடுவது அந்த ஜாதிதான். அதில் பால் கேன் போகிறது, கேஸ் சிலிண்டர் போகிறது, வாழைத்தார் போகிறது. பின்னால் இருப்பது ஃப்ரீவீல்தான். அச்சு முறிந்து வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். காரணம், அதில் பல்சக்கரம் ஒன்றே ஒன்று. பேரிங்கை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது, நீட்டம் கொஞ்சம்தான். குறை ஃப்ரீவீலில் இல்லை, அதில் அடுக்கிக்கொண்டே போனதில் இருக்கிறது. ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் பின் ஃப்ரேமின் உள் அகலம் 120 மில்லிமீட்டர். ஆறு வந்தபோது 126 ஆனது. இன்றைக்குப் பெரும்பாலான 21 கியர் சைக்கிளில் அளந்தால் 135 இருக்கும். பல்சக்கரம் வெளிப்பக்கமாக வளர்ந்துகொண்டே போனது, பேரிங் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த பேரிங்கை வெளியே கொண்டுபோய் வைத்ததுதான் கேசட் ஹப் செய்த காரியம். இங்கிலாந்தில் பேலிஸ் வைலி என்ற நிறுவனம் 1938-லேயே இந்த மாதிரி ஒரு ஹப் செய்தது. அன்றைக்கு அது நிலைக்கவில்லை. 1978-ல் ஜப்பானின் ஷிமானோ ஃப்ரீஹப் என்ற பெயரில் கொண்டுவந்ததுதான் ஊன்றி நின்றது. நாக்கும் ரம்பமும் இருக்கும் உருளையை ஹப்போடு பூட்டி, வலப்பக்க பேரிங்கை அந்த உருளையின் வெளி ஓரத்துக்கே, ஃப்ரேமுக்குப் பக்கத்தில், நகர்த்திவிட்டார்கள். நீட்டம் ஏறக்குறைய மறைந்தே போனது. 1980-களில் பிரான்சின் மையார் நிறுவனம் ஹெலிக்கோமேட்டிக் என்று ஒரு ஹப் செய்தது. பல்சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றலாம் என்பது அதன் பெருமை. ஆனால் வலப்பக்க பேரிங்கில் இடம் பண்ணுவதற்காகப் பொடிக் குண்டுகளைப் போட்டார்கள், அவை சீக்கிரம் தேய்ந்து பெயரைக் கெடுத்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேசட் என்றாலே பேரிங் வெளியேதான் இருக்கும் என்பதில்லை. சில ஹப்பில் பேரிங்கை உள்ளேயே வைத்துவிட்டு அச்சைத் தடியாகச் செய்திருப்பார்கள். அதுவும் தாங்கும். அச்சும் மெல்லிசாக இருந்து பேரிங்கும் உள்ளே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கடையில் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், கழற்றுகிற கதை. வலப்பக்கம் ஒரு ஸ்போக் அறுந்தால், புதுசு போடப் பல்சக்கரம் வழிவிட வேண்டும். பின்சக்கரத்தில் வலப்பக்க ஸ்போக்ஸ்தான் அதிகம் முறுக்கேறி நிற்கும், அறுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கேசட் என்றால் அதைப் பூட்டியிருக்கும் லாக்ரிங் வளையத்துக்குச் சாவி ஒன்று, செயின் துண்டு கோத்த இரும்புப் பட்டை ஒன்று, இரண்டு நிமிஷ வேலை. ஃப்ரீவீல் அப்படியில்லை. நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கித்தான் வைக்கும். ஐந்து வருஷம் ஏற்காடு மிதித்தவன் இறுக்கியதை ஒரு ஸ்பானர் கழற்றிவிடுமா?

அதற்கு ஒரு வழி உண்டு. ஃப்ரீவீல் கழற்றும் சாவியைப் பொருத்தி, அது நழுவாமல் அச்சு நட்டையோ குவிக் ரிலீஸ் கம்பியையோ மேலே லேசாக இறுக்க வேண்டும். சாவியை வைஸில் பிடித்து, சக்கரத்தைப் படுக்கவைத்து, லாரி ஸ்டியரிங் மாதிரி ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினால், படக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். விட்டதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். மறந்து மேலும் திருப்பினால் அச்சைத்தான் கெடுப்பீர்கள். பழைய ஃப்ரீவீலில் சாவி உட்கார இரண்டே இரண்டு வெட்டு இருக்கும். அவை மழுங்கிப் போனால் முடிந்தது. வெளி மூடியை ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். அந்த மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கழன்றதும் கடுகு மாதிரி குண்டுகள் பட்டறை முழுக்க ஓடும். மறு வாரம் பெருக்கும்போதுகூட ஒன்றிரண்டு கிடைக்கும்.

இவ்வளவுக்கும் மருந்து, ஃப்ரீவீலை ஏற்றும் அன்றைக்கே மரையில் தடவுகிற ஒரு விரல் கிரீஸ். நிறையப் பேர் தடவுவதில்லை.

நான் பண்ணிய முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். சக்கரம் கட்டத் தொடங்கிய புதிதில், ரிம் நசுங்கிய ஒரு சக்கரத்திலிருந்து ஹப்பை மட்டும் எடுத்து வேறு ரிம்மில் கட்ட நினைத்தேன். கட்டரை எடுத்து 36 ஸ்போக்கையும் வரிசையாக வெட்டித் தள்ளினேன். ஹப் கையில் வந்துவிட்டது. ஃப்ரீவீல் அதன்மேல் அப்படியே இருக்கிறது. திருப்பிக் கழற்றப் பிடி எங்கே? ஸ்டியரிங்கை நானே வெட்டி எறிந்துவிட்டேன். ஹப்பின் விளிம்பைக் குழாய் ரென்ச்சால் பிடித்துப் பார்த்தேன். அலுமினியம், வழுக்கி வழுக்கிச் சிராய்த்ததுதான் மிச்சம். சக்கரத்தைப் பிரிக்கும் முன் ஃப்ரீவீலைக் கழற்று என்று பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அன்றைய கோபத்தில்தான்.

சரி, அந்தக் கல்லூரிப் பையனுக்கு என்ன செய்தோம்? புது அச்சு மட்டும் போட்டுக் கொடுத்திருக்கலாம், செலவு குறைவு. ஆனால் அவன் எடையும் மலையும் மாறப்போவதில்லை, ஆறு மாதத்தில் திரும்பி வருவான். கேசட் ஹப் போட்டோம். "கியர் மாற்றும் லீவர் எல்லாம் மாத்தணுமாண்ணா?" என்று பயந்தான். வேண்டாம். ஏழு பல்சக்கரக் கேசட்டிலும் ஏழு பல்சக்கர ஃப்ரீவீலிலும் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், பழைய லீவரே வேலை செய்யும். கடையில் கிடைத்தது எட்டு, ஒன்பது, பத்துக்கெல்லாம் பொருந்தும் ஹப். ஏழு பல்சக்கர அடுக்கு அதற்குக் குட்டை. உள்பக்கம் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். நாளைக்கு ஒன்பதுக்கு மாற நினைத்தாலும் ஹப் இருக்கும். உருளை இரும்பா அலுமினியமா என்றும் பார்த்தேன். அலுமினிய உருளையில் பல்சக்கரம் நாளடைவில் பள்ளம் பதித்துக்கொண்டு வெளியே வர மறுக்கும். எடை கொஞ்சம் கூடினாலும் எனக்கு இரும்புதான் பிடிக்கும்.

அவனுக்குக் கிடைத்த உபரி ஒன்று உண்டு. பழைய ஃப்ரீவீல் 14 பல்லிலிருந்து 28 பல் வரை. ஃப்ரீவீலின் வயிற்றுக்குள் நாக்கும் குண்டும் சாவித் துளையும் அடங்க வேண்டியிருப்பதால், சின்னப் பல்சக்கரம் பெரும்பாலும் 13, 14-க்குக் கீழே போகாது. கேசட்டில் 11 வரை வரும். முன்னால் 42 பல்லில் வைத்து பெடலை ஒரு சுற்று மிதித்தால் 14-ல் சக்கரம் மூன்று சுற்று, 11-ல் 3.8 சுற்று. ஓமலூர் ரோட்டில் சமதரையில் பறக்கிறேன் என்று போன் பண்ணினான். மெதுவாகப் போடா என்றேன்.

ஆனால் அதே மாதத்தில் வந்த ஓர் அம்மாவுக்கு ஃப்ரீவீலே போதும் என்று சொல்லி அனுப்பினேன். பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் காய்கறி வாங்குவதும்தான் அவர் சைக்கிளுக்கு வேலை. மலையும் இல்லை, மூட்டையும் இல்லை. ஃப்ரீவீல் பழுதானால் முழுசாகக் கழற்றிப் புதுசு திருகலாம், விலையும் தாங்கும், எந்தக் கம்பெனி ஹப்பானாலும் மரை ஒன்றுதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பழைய பிரெஞ்சு சைக்கிள் ஏதாவது உங்கள் கையில் இருந்தால்தான் சிக்கல், அதன் மரை 34.7 மில்லிமீட்டர். கேசட் ஹப்பில் உருளை பழுதானால் அந்த ஹப்புக்கான உருளையைத்தான் தேட வேண்டும். மலிவு ஹப்பாக இருந்தால் தேடினாலும் கிடைக்காது, முழு ஹப்பும் குப்பைக்குப் போகும், மறுபடி ஸ்போக்ஸ் பின்ன வேண்டும். பெயர் தெரியாத கேசட் ஹப்பைவிட நல்ல ஃப்ரீவீல் ஹப் எனக்கு உசத்தி. எட்டு பல்சக்கர ஃப்ரீவீல் என்று ஒன்றும் விற்கிறது. அதை மட்டும் யாருக்கும் நான் போட்டுக் கொடுப்பதில்லை. நீட்டம் ஏழைவிட இன்னும் அதிகம்.

பையனிடமிருந்து கழற்றிய ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் கழுவி அந்த அம்மாவின் சைக்கிளில்தான் ஏற்றினேன். நாக்கும் பல்லும் நன்றாகவே இருந்தன. கிரீஸ் தடவித்தான் ஏற்றினேன்.

ஸ்போக்ஸ் வெட்டி நான் கெடுத்த அந்த ஹப் மட்டும் இன்னும் பிரியவில்லை. பட்டறை மேசையில், பில் புத்தகம் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். போனில் பேசும்போது கை தானாக அதைச் சுற்றும். எதிர்முனையில் இருப்பவர்கள் "அது என்ன சத்தம்?" என்று கேட்பார்கள்.

வணக்கம்.