நோட்டுல எழுதாத பேரு

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். கூப்பிட்டுப் பேசச் சொன்ன ரேடியோ பிள்ளைங்களுக்கு தேங்க்ஸ். பத்து நிமிஷம்னு சொல்லியிருக்காங்க, சண்டே ஸ்கூல்ல முப்பத்தஞ்சு வருஷம் பேசிப் பழகின வாய் இது, பத்து நிமிஷத்துல நிக்குமான்னு எனக்கே தெரியல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற தம்பி கைய காட்டினா நிறுத்திடறேன். என் தமிழ் தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்துல வளர்ந்த தமிழ், அங்கங்க இடறும், பொறுத்துக்கோங்க.

எங்க புதன்கிழமை பைபிள் ஸ்டடியில ஒரு வாக்குவாதம், இன்னும் ஓயல. ஒரு தம்பி, நல்ல பையன்தான், யூட்யூப்ல வெளிநாட்டு பிரசங்கமா கேட்டுக் கேட்டு வந்து, மோசேயோட சட்டம் அப்படியே நாட்டுச் சட்டமா வரணும் ஆன்ட்டி, விபசாரத்துக்கு தண்டனை இருக்கணும், 1995-ல கோர்ட்டு தூக்கு தண்டனைய எடுத்துச்சு பாருங்க அன்னைக்கே இந்த நாடு கெட்டுச்சுன்னு சொல்றான். எதிர்ல ஒரு சபை மூப்பர், அட அதெல்லாம் பழைய ஏற்பாடுப்பா, நாம கிருபையின் கீழ இருக்கோம்னு ஒரே வரியில முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம். ஒருத்தன் சட்டத்துல தண்டனைய மட்டும் படிச்சிருக்கான், இன்னொருத்தர் சட்டத்தையே படிக்கல.

லேவியராகமம் 20-ல பத்தாம் வசனம், அடுத்தவன் பொண்டாட்டியோட விபசாரம் பண்ணினா அவனும் சாகணும் அவளும் சாகணும். சரி, இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா உபாகமம் 17-க்கு வாங்க. ஒரே சாட்சி பேச்சை வச்சு யாரையும் கொல்லக்கூடாது, ரெண்டு மூணு சாட்சி வேணும், அந்த சாட்சிக்காரன் கைதான் முதல்ல ஓங்கணும், அப்புறம்தான் மத்த ஜனம். இதை நல்லா கவனிங்க. கோள் சொல்லிட்டு ஓரமா நின்னு வேடிக்கை பாக்க முடியாது, நீ பாத்தேன்னு சொன்னா நீயே முதல் கல்லை எடு, அந்த ரத்தம் உன் கையில. பொய் சாட்சின்னு தெரிஞ்சா அவளுக்கு என்ன தண்டனையோ அது உனக்கு, அது உபாகமம் 19.

இதை வச்சுக்கிட்டு யோவான் எட்டாம் அதிகாரத்தைப் படிங்க. பொம்பளைய இழுத்துட்டு வந்து நிறுத்தறாங்க, கையும் களவுமா பிடிச்சோம்னு சொல்றாங்க. கையும் களவுமா பிடிச்சா அங்க ரெண்டு பேர் இருந்திருக்கணுமே, ஆம்பள எங்க? இதை எல்லாரும் கேப்பாங்க, எந்தப் பிரசங்கத்துலயும் வரும். எனக்கு அதுக்கு அடுத்ததுதான் முக்கியம். உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்னு சொல்றாரே, அந்த "முதலாவது" அவர் புதுசா கண்டுபிடிச்சது இல்லீங்க, சாட்சிக்காரன் முதல்ல எறியணும்ங்கற அதே பழைய சட்டம், அதுல பாவமில்லாதவன்னு ஒன்னை மட்டும் சேத்தாரு. பெரியவங்க முதற்கொண்டு ஒவ்வொருத்தரா கழண்டுட்டாங்க. சாட்சி இல்லைன்னா கேஸ் இல்ல. அதுக்கப்புறம்தான் நானும் உனக்கு ஆக்கினைத்தீர்ப்பு கொடுக்கறதில்லைன்னு சொல்றாரு. சட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு இரக்கம் காட்டினாருன்னு நாம சொல்றோம், எனக்கென்னவோ சட்டத்தை அவங்களை விட ஒழுங்கா நடத்தினதே அவர்தான்னு தோணுது.

இந்தக் கதை ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்லையேன்னு படிச்ச பிள்ளைங்க கேப்பாங்க. இல்லதான். பழைய காலத்து சபைப் பிதா அகஸ்டின் அதுக்கு ஒரு காரணம் எழுதி வச்சிருக்காரு, பொண்டாட்டிமாருக்கு பாவம் பண்ண லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆயிடும்னு பயந்து விசுவாசம் குறைஞ்ச சிலர் இதை வெட்டிட்டாங்கன்னு. அவர் சொல்றது சரியோ தப்போ, அந்த பயம் மட்டும் நிஜம், எங்க மூப்பர் கூட்டத்துல நான் கண்ணால பாத்திருக்கேன்.

யூத ரபிமாரும் இதுல நம்மை விட ஆழமா போயிருக்காங்க. அவங்க பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவுல ஒரு இடம், ஏழு வருஷத்துல ஒரு ஆளைக் கொன்னாலே அது நாசக்கார நியாயசபைன்னு, இன்னொருத்தர் எழுபது வருஷத்துல ஒன்னுன்னாலேன்னு சொல்றாரு, வேற ரெண்டு பேர் நாங்க அங்க இருந்திருந்தா ஒருத்தரும் செத்திருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. அப்போ கொலைகாரன்தான் பெருகுவான்னு ஒருத்தர் சண்டைக்கும் நிக்கறாரு, எங்க புதன்கிழமைத் தம்பி மாதிரி! சண்டை புதுசு இல்லீங்க.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, கண்ணு, நீ கேக்கற மாதிரி சட்டம் இந்த மண்ணுல ஏற்கனவே இருந்துச்சு, நாங்க அதுக்குள்ள வாழ்ந்தோம். இம்மொராலிட்டி ஆக்ட், பேரே ஒழுக்கக்கேடு சட்டம். 1927-ல கொண்டு வந்தாங்க, கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் இல்லாம சேந்தா குற்றம், 1950-ல அதை இழுத்து நம்ம இந்திய ஆளுங்களையும் சேத்தாங்க, கல்யாணம் பண்ணிக்கலாமேன்னா அதுக்கும் 1949-லயே தடை போட்டாச்சு. பைபிளைக் கையில வச்சுக்கிட்டு போட்ட சட்டம்தான். போலீஸ்காரன் மரத்துல ஏறி பைனாகுலர் வச்சுப் பாப்பான், கதவை உடைச்சு உள்ள வந்து படுக்கை சூடா இருக்கான்னு தொட்டுப் பாப்பான். சாட்சி சொல்லவே பயப்படுன்னு மோசே சொன்னாரு, இவங்க சாட்சி சொல்றதுக்குன்னே மரத்துல ஏறினாங்க. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துல எக்ஸெல்ஸியர்னு ஒரு சின்ன ஊரு, அங்க வெள்ளைக்கார பெரிய மனுஷங்களே மாட்டினாங்க, ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிட்டாரு, ஊர் உலகமெல்லாம் நாறினதும் 1971-ல அரசாங்கமே கேஸை வாபஸ் வாங்கிடுச்சு. அந்தச் சட்டம் போனது 1985-ல.

அதுக்கும் முன்னாடி நம்ம ஆயாமார் கதை இருக்கு. 1913-ல கேப் டவுன்ல ஜட்ஜ் சியர்ல் குடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதியாத கல்யாணம் இங்க செல்லாதுன்னு ஆயிடுச்சு. அம்மன் கோயில்ல தாலி கட்டி நாலு பிள்ளை பெத்தவ ஒரே ராத்திரியில வைப்பாட்டி. எந்தப் பாவமும் பண்ணாம பாவியானவங்க, அவங்க காந்தியோட சத்தியாகிரகத்துல சேந்து ஜெயிலுக்குப் போனதும் அதனாலதான், ஒப்பந்தக் கூலி முடிஞ்சும் இங்க தங்கின இந்தியர் மேல போட்ட மூணு பவுன் வரியும் சேந்துக்கிச்சு. ஜெயில்ல காய்ச்சல் வாங்கிட்டு வந்து 1914 பிப்ரவரியில செத்துப்போன வள்ளியம்மைக்கு பதினாறு வயசு. நான் கிறிஸ்தவச்சி, இதைச் சொல்றப்போ எனக்கு தொண்டை அடைக்குது, என்ன பண்ண, எங்க மதத்தை அளவுகோலா வச்சுத்தானே அளந்தாங்க.

எல்லாரும் அப்படி இல்ல, அதையும் சொல்லணும். மாரிட்ஸ்பர்க்ல பிஷப் கொலென்ஸோ, 1850-கள்லயே ஒரு கேள்வி கேட்டாரு. மூணு பொண்டாட்டி இருக்கற ஜூலு மனுஷன் ஞானஸ்நானம் கேட்டு வந்தா, ரெண்டு பேரை அனுப்பிட்டு வான்னு மிஷனரிமார் சொன்னாங்க. சரி, அனுப்பின பொம்பளைங்க எங்க போவாங்க, பிள்ளைங்க யாரு பிள்ளைங்கன்னு இவர் கேட்டாரு, ஒரு பாவத்தை நீக்க இன்னொரு பாவத்தைச் செய்யச் சொல்றீங்களேன்னு. 1888-ல ஆங்கிலிக்கன் பிஷப்புமார் லண்டன் லாம்பெத்துல கூடி அந்த மனுஷனுக்கு ஞானஸ்நானம் இல்லைன்னு முடிவு பண்ணினாங்க, 1988-ல அதே லாம்பெத்துல, பொண்டாட்டிமாரை விரட்டாம, சில நிபந்தனையோட சேத்துக்கலாம்னு மாத்தினாங்க. சரியா நூறு வருஷம். கொலென்ஸோ செத்து அப்போ நூத்தஞ்சு வருஷம்.

பாவமே இல்லைன்னு நான் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. துரோகம் ஒரு வீட்டை என்ன பண்ணும்னு எங்க தெருவிலேயே பாத்திருக்கேன், அந்தப் பிள்ளைங்க ரெண்டு வருஷம் யார்கிட்டயும் பேசல. இனிப் பாவஞ்செய்யாதேன்னும் சேத்துத்தானே சொன்னாரு. ஆனா 2015-ல நம்ம அரசியல் சாசன கோர்ட்டு, புருஷனோடயோ பொண்டாட்டியோடயோ விபசாரம் பண்ணின ஆள் மேல நஷ்ட ஈடு கேக்கற வழக்கையே ஒழிச்சப்போ சபையில பாதி பேர் உலகமே முடிஞ்ச மாதிரி அழுதாங்களே, அது எனக்குப் புரியல, கோர்ட்டா ஒரு கல்யாணத்தைக் காப்பாத்தும்?

இன்னொன்னு. அதே லேவியராகமத்துல ஒரு அதிகாரம் முன்னால, கூலிக்காரன் கூலியை விடியற வரைக்கும் உன்கிட்ட வச்சிருக்காதேன்னு இருக்கு. எங்க தாத்தாவோட அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்தது மாசம் பத்து ஷில்லிங்குக்கு, அதையும் சாக்கு சொல்லிச் சொல்லி பிடிச்சாங்கன்னு எங்க வீட்டுல பேச்சு. கூலி பிடிச்ச துரைக்கு எந்த சபையாவது அப்பமும் ரசமும் தர்ற திருவிருந்து இல்லைன்னு சொல்லியிருக்கா? இன்னைக்கு வீட்டு வேலைக்காரிக்கு சம்பளம் பாக்கி வச்சிட்டு முன் வரிசையில உக்காந்திருக்கோமே, அதுக்கு ஒரு மூப்பர் கூட்டமும் கிடையாது. படுக்கையறைப் பாவம்னாதான் எல்லாருக்கும் கண்ணாடி போட்டுப் பாக்கத் தோணுது.

தம்பி கைய காட்டறான். ஒன்னே ஒன்னு.

எழுபதுகள்ல, நான் வாலிபர் சங்க செக்ரட்டரி, கையெழுத்து நல்லா இருக்கும்னு மூப்பர் கூட்டத்துக்கு நோட்டு எழுதக் கூப்பிட்டாங்க. பத்தொன்பது வயசுப் பொண்ணு, மூணு மாசம். சபை முன்னால நின்னு மன்னிப்பு கேக்கணும், ஒரு வருஷம் திருவிருந்து கிடையாது, கடைசி பெஞ்சுல உக்காரணும்னு தீர்மானம். நின்னா. அழக்கூட இல்ல. பையன் யாருன்னு அறையில இருந்த எல்லாருக்கும் தெரியும், அவனை ஜோபர்க்ல மாமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கொயர்ல ஆர்கன் வாசிச்சான். கொரிந்தியர் முதல் நிருபம் அஞ்சாம் அதிகாரத்தை அன்னைக்குப் படிச்சாங்க, அவனை வெளிய தள்ளுங்கன்னு. ரெண்டாம் நிருபத்துல பவுலே, போதும், மன்னிச்சு சேத்துக்கோங்க, துக்கத்துல முழுகிடப் போறான்னு எழுதறாரு, அதை யாரும் திறக்கல. நானும் திறக்கல.

போன வருஷம் அவ அம்மா அடக்க ஆராதனைக்கு வந்திருந்தா. குடும்பமெல்லாம் முன்னால, இவ மட்டும் கடைசி பெஞ்சுல. நான் போய் பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் திரும்பாமலே கேட்டா, நீதானே அக்கா அன்னைக்கு எழுதினே? ஆமான்னேன். அவன் பேரை எழுதினியா?

இல்லம்மா, எழுதலன்னேன். பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பிச்சா.