தோமாவுக்கும் ஒரு பாய் போடுங்கள்

சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், அதிகாலை ஆராதனை நடத்திய சபை ஊழியர் ஐயா அவர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களுக்கும், பாடகர் குழுவுக்கும், அழைத்ததும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும், நேற்று ராத்திரியிலிருந்து அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, சமைக்கும் அடுப்பை விட்டு நகராத அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம். போன பண்டிகையில் ஒலிபெருக்கித் தம்பிக்கு நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. இப்போது சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்று மூன்று காரியங்கள் பேச நினைத்தேன்: கூடிவருதல், பொறுமை, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தல்.

எங்கள் அப்பா மாடு வளர்த்தவர். "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்பார். சபைக்கும் அதுதான்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் இயேசு ஆண்டவர் தம் சீஷர்கள் நடுவில் வந்தபோது, அவர்களில் ஒருவரான தோமா அங்கே இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். எட்டு நாள் கழித்து அதே கூட்டத்தில் தோமாவும் இருக்கிறார். அந்த எட்டு நாளும் அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, பாருங்கள்! பரங்கிமலையையும் சாந்தோமையும் காட்டி, நம் மண்ணுக்கு வந்த அப்போஸ்தலர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அவரேதான் இவர். மத்தேயு கடைசி அதிகாரத்திலும், ஆண்டவரைப் பணிந்துகொண்ட சீஷர்கள் நடுவில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று எழுதியிருக்கிறது. புறப்பட்டுப்போய்ச் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருந்தான். அவனுடைய அம்மா நோயில் கிடந்தபோது புதன்கிழமைதோறும் அந்த வீட்டில் ஜெபம் நடத்தினோம். அம்மா இறந்துபோனார். அடுத்த கூட்டத்தில், "இத்தனை பேர் ஜெபம் பண்ணினோமே, அப்புறமும் ஏன் செத்தாங்க?" என்று கேட்டான். ஒரு பெரியவர், "உனக்கு விசுவாசம் பத்தாது" என்று சொல்லிவிட்டார். எழுந்து போனவன்தான், பிறகு வரவே இல்லை. நாங்களும் போய்க் கூப்பிடவில்லை. என் அத்தை மட்டும் விடவில்லை. கூட்டம் முடிந்ததும் அவித்த பனங்கிழங்கைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுத் திண்ணைக்குப் போவாள். வேதம் பேசமாட்டாள். "உங்க அம்மா வைக்கிற புளிக்குழம்பு யாருக்கும் வராதுல்ல" என்பாள். அவன் அழுவான், இவளும் அழுவாள். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒரு புதன்கிழமை அத்தை கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, "எனக்குத் தெரியல, நீ வந்து வாசிச்சுக் குடு" என்று கூப்பிட்டாள். வந்தான், வாசித்தான், பாயில் உட்கார்ந்தான். அவனுடைய கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. ஆனாலும் வருகிறான். பாடுற மாட்டைப் பாடிக் கறக்கத் தெரிந்தவள் எங்கள் அத்தை.

அதனால்தான் கமிட்டியாரிடம் மறுபடியும் மறுபடியும் கேட்கிறேன். 2020 ஊரடங்கில் நின்ற வீட்டு ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. கோயில் திறந்தாயிற்று, பண்டிகை வந்தாயிற்று, இந்த வீட்டுக் கூட்டம் மட்டும் ஏன் இல்லை? கைபேசியில் பிரசங்கம் கேட்கலாம், சரி. அதற்குள்ளிருந்து யார் பனங்கிழங்கு கொண்டுவருவார்கள்? முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஆராதனையில் எழுந்து "ஏன் செத்தாங்க?" என்று எந்தப் பிள்ளை கேட்கும்? பத்துப் பேர் உட்காரும் திண்ணையில் கேட்கும். கேட்டால் அதட்டாதீர்கள் ஐயா. ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்கணும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரமில்லை, அசன மணி அடிக்கப்போகிறது. வருகிற புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்திருக்கும். ரொம்ப நாளாக வராத ஒருவரை ஆளுக்கொருவராகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.