கப்பல் வராவிட்டால் எத்தனை நாள்?

அனைவருக்கும் வணக்கம்.

தேசப் பாதுகாப்பு, எரிசக்தி, வெளியுறவு என்று மூன்று தலைப்புகளைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் மூன்றும் ஒரே பேச்சுதான். வர வேண்டிய எண்ணெய்க் கப்பல் நாளை வரவில்லை என்றால் ஒரு நாடு எத்தனை நாள் தாங்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே போதும். மின்நிலையம், கடற்படை, அண்டை நாட்டோடு உள்ள உறவு எல்லாம் தானாகவே பேச்சுக்குள் வந்துவிடும்.

பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான். 2024-ல் அந்த வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது. உலகம் முழுவதும் ஒரு நாளில் செலவழிக்கும் எண்ணெயில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு கப்பல் தாக்கப்பட்டால், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் பேருந்துக் கட்டணம் மாறும். அப்படியிருக்க, வெளியுறவு என்பது தூதர்கள் மட்டும் பேசும் விஷயம் என்று எப்படி ஒதுங்கி இருக்க முடியும்?

1973 அக்டோபரில் உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு விநியோகத்தையே நிறுத்தின. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அதற்குப் பிறகுதான், 1974 நவம்பரில், சர்வதேச எரிசக்தி முகமை உருவானது. அதன் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு, அதாவது வாங்குவதில் விற்பதைக் கழித்த அளவுக்கு, சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு அந்த அனுபவத்திலிருந்து எழுதி வைத்த பதில் அது.

சரி, இதையெல்லாம் பொதுவில் பேசினால் எதிரிக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு போர்க்கப்பல் இன்று இரவு எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. அதை யாரும் கேட்கக் கூடாது. ஆனால் எரிவாயுவை யாரிடம் வாங்குகிறோம், கிடங்கு யார் கையில் இருக்கிறது என்பவை எதிரிக்கு ஏற்கனவே தெரிந்தவை. பல நேரங்களில் தெரியாமல் இருப்பது சொந்த மக்களுக்குத்தான்.

இதற்கு ஜெர்மனியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கு ஜெர்மனியில் ரேடன் என்ற இடத்தில், நிலத்துக்கு அடியில் மிகப் பெரிய எரிவாயுச் சேமிப்பிடம் ஒன்று இருக்கிறது. சுமார் 400 கோடி கன மீட்டர் கொள்ளும். அந்நாட்டின் மொத்தச் சேமிப்புத் திறனில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2015-ல் அது ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆண்டைக் கவனியுங்கள். ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது 2014-ல். அதற்கு அடுத்த ஆண்டு, குளிர்காலத்துக்கான கையிருப்பின் சாவி அதே நாட்டின் அரசு நிறுவனத்திடம் போகிறது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்த சொத்துப் பரிமாற்றம் என்ற கணக்கில் அது முடிந்துவிட்டது.

அப்புறம் 2021 இலையுதிர் காலம் வந்தது. வழக்கமாகக் குளிருக்கு முன் நிரம்பியிருக்க வேண்டிய ரேடன் கிடங்கு கிட்டத்தட்ட காலியாக இருந்தது. இது உளவுத்துறை தோண்டி எடுத்த ரகசியம் இல்லை. ஐரோப்பாவின் எரிவாயுக் கிடங்குகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்ற கணக்கு அன்றாடம் பொதுவில் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் முழு அளவில் நுழைந்த பிறகுதான் ஜெர்மனியில் அவசரமாகச் சட்டம் வந்தது: நவம்பர் முதல் தேதிக்குள் கிடங்குகள் 90 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்று. அந்தச் சட்டத்துக்கான காரணம் 2015-லேயே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. அந்த நாட்டு மக்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை; இது தங்கள் பேச்சு இல்லை, நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தார்கள். எனக்கு அந்த நம்பிக்கைதான் பயமாக இருக்கிறது.

மக்களிடம் கேட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. ஆஸ்திரியாவில் ட்ஸ்வென்டென்டார்ஃப் என்ற ஊரில் அணுமின் நிலையத்தை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, 1978 நவம்பர் 5-ஆம் தேதி பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சுமார் 30,000 வாக்கு வித்தியாசம். உலை ஒருநாள்கூட இயங்கவில்லை. தோற்றால் பதவி விலகக்கூடும் என்ற பேச்சைப் பிரதமர் புரூனோ கிரைஸ்கி கிளப்பிவிட்டதால், அவரைப் பிடிக்காதவர்கள் சிலர் அதற்காகவே எதிர்த்து வாக்களித்ததாகச் சொல்வார்கள். கட்டி முடித்த பிறகு கேட்பதும், கேள்வியை ஒரு தலைவரோடு முடிச்சுப் போடுவதும் விவாதத்தைக் கெடுத்துவிடுகின்றன.

எனக்குப் பிடித்தது டென்மார்க் எடுத்த வழி. 1973-ல் அந்நாட்டின் எரிசக்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அடுத்தது அணுமின்சாரம்தான் என்று திட்டமும் தயாரானது. ஆனால் முடிவைத் தள்ளிவைத்து, முதலில் பேசுவோம் என்றார்கள். 1974-ல் அரசுப் பணத்தில் எரிசக்தித் தகவல் குழு ஒன்று அமைந்தது. ஆதரவு, எதிர்ப்பு என இரு பக்க வாதங்களும் சிறு நூல்களாக மக்களிடம் போயின. ஊருக்கு ஊர் படிப்பு வட்டங்கள் கூடின. பேச்சு பதினோரு ஆண்டு நீண்டது. 1985-ல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதன் பின்னும் நெடுங்காலம் அங்கே நிலக்கரி நிறையவே எரிந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

பிரான்ஸ் நேர்மாறாகச் செய்தது. 1974 மார்ச்சில் பிரதமர் பியர் மெஸ்மேர் பெரும் அணுமின் திட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்தில் அதற்கு முன் விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. திட்டம் வெற்றிதான், மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேல் பல பத்தாண்டுகளாக அணு உலைகள் தருகின்றன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2022-ல் குழாய்களில் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டு, பராமரிப்பும் சேர்ந்துகொள்ள, 56 உலைகளில் பாதியளவு நின்றுபோனபோது, சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக அந்த நாடு விற்றதைவிட அதிக மின்சாரத்தை வாங்கியது. ஒரே வழியில் இவ்வளவு பாரத்தை வைக்கலாமா என்று ஆரம்பத்திலேயே சபையில் யாராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. எண்ணெயை விட்டுச் சூரிய ஒளிக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. தகடு ஒருமுறை வந்து சேர்ந்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்பது உண்மை. அந்த வகையில் அது தினமும் எரிந்து தீரும் எண்ணெயைப் போல அல்ல. ஆனாலும் பேச வேண்டிய பட்டியல் மாறுகிறதே தவிர, பேச்சு முடிவதில்லை.

அடுத்த முறை எங்காவது ஓர் எரிபொருள் ஒப்பந்தம் கையெழுத்தானது என்று செய்தி வந்தால், கை குலுக்கும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு? நடுவில் விலக வழி இருக்கிறதா? விலகினால் அபராதம் எவ்வளவு? கிடங்கின் சாவி யாரிடம்? உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு இந்த நான்கையும் எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் திரும்பவும் எழுதுங்கள்.

நன்றி. இப்போது நீங்கள் கேளுங்கள்.